மரபணு திருத்திய உறுப்பு: மலையில் இருப்பவரிடம் யார், எப்படி ஒப்புதல் கேட்பது?

கோத்தகிரி வாசி | சனி, இரவு 9.10

என் அக்காவுக்கு 46 வயது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சிகிச்சை தொடங்கிய இடம் மேட்டுப்பாளையம் என்பதால் வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் மலையிறங்கி, நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருந்து, பிற்பகலில் மறுபடியும் மலையேறி வருகிறார். மழைக்காலத்தில் சாலையில் மண் சரிந்தால் அன்றைய முறை தவறிவிடும்; அடுத்த நாளே கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கும். நான் சிறுநீரகம் தர முன்வந்தேன். என் இரத்த வகை ஏ, அவருடையது ஓ. பொருந்தவில்லை. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்கான மாநிலப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு, நள்ளிரவில் அழைப்பு வந்தால் பனிமூட்டத்தில் எந்த வண்டியில் கோவைக்கு இறங்குவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம்.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 69 இடங்களில் மரபணு திருத்தப்பட்ட பன்றியின் சிறுநீரகம் உயிரோடிருந்த ஒரு நோயாளிக்கு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 2025இல் அந்நாட்டில் இரண்டு நிறுவனங்களுக்கு முறையான மருத்துவ ஆய்வு நடத்த அனுமதி கிடைத்துள்ளது. நம் மாநிலத்திலும் இத்தகைய ஆய்வுக்கு வழிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை நான் அக்காவுக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தியாவில் 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகளில் பெண்கள் பெற்றவை 6,945 மட்டுமே. உயிரோடிருந்து உறுப்பைக் கொடுப்பவர்களிலோ பெரும்பான்மையினர் மனைவியரும் தாய்மாருமே. கணவனுக்குச் சிறுநீரகம் வேண்டுமென்றால் வீடு முழுவதும் மனைவியின் முகத்தைப் பார்க்கிறது. மனைவிக்கு வேண்டுமென்றால் எல்லோரும் பட்டியலைப் பார்க்கிறார்கள். என் அக்கா வீட்டிலும் அதுதான் நடந்தது. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற கொடுமையையும் செய்திகளில் படித்தோம். மனிதரிடமிருந்து எடுக்க வேண்டியதில்லாத உறுப்பு ஒன்று கிடைக்குமானால் இந்த இரண்டு அநீதிகளும் ஒருசேரக் குறையும். எதிர்க்கருத்து உடையவர்கள் தங்கள் காரணத்தை எழுத வேண்டுகிறேன்.

ஊசிமலை | சனி, இரவு 10.25

தம்பி, உங்கள் அக்கா படும் பாட்டை நான் அறிவேன். கூடலூர் வட்டத்தில் முப்பது ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். பன்றியின் உறுப்பு என்பதற்காக நான் மறுப்புச் சொல்ல வரவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பு நோயாளியிடம் நீட்டப்படும் ஒப்புதல் படிவம்தான் என்னைத் தயங்க வைக்கிறது.

இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல் வளைத்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் அணு நோயின் மரபணு இந்தியாவில் 1952இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, அதற்கு இரத்தம் கொடுத்தவர்கள் நம் நீலகிரியின் பழங்குடி மக்கள். அச்செய்தி இலண்டனில் அச்சாகும் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதே நோய்க்காகப் பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களைத் தேடிச் சென்று சோதித்து முறையாக மருந்து கொடுக்கும் ஏற்பாடு இம்மலையில் உருவாவதற்கோ பல பத்தாண்டுகள் பிடித்தன. அறிவு வெளியே போவதற்கும் மருந்து உள்ளே வருவதற்கும் இடையிலிருந்த அந்த ஆண்டுகளில், மூட்டு வலி என்று சொல்லியே மாண்டவர்கள் எத்தனை பேரோ.

ஒருமுறை பணியர் குடியிருப்பான ஒரு பாடியில் வேறோர் ஆய்வுக்காக இரத்தம் எடுக்க வந்த குழுவோடு உதவிக்குப் போயிருந்தேன். நான்கு பக்கப் படிவத்தை ஒருவர் மூன்று நிமிடத்தில் படித்து முடித்தார். பணிய மூதாட்டி ஒருவர் பெருவிரலை மையில் தோய்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ கூட இருக்கிறாயே, அப்புறம் என்ன" என்றார். அந்தப் படிவத்தை நானும் அன்று முழுமையாகப் படித்திருக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவருடைய அந்தப் பார்வை எனக்கு வேதனை தருகிறது.

இது ஒரு செவிலியின் தனிப்பட்ட குற்றவுணர்வோடு முடிகிற செய்தியன்று. 2009–10இல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமியர் பலரை உட்படுத்தி நடந்த, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கான எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி; கையெழுத்து யாருடையது என்பதே என் கேள்வி.

படித்தவர்கள் வாழும் நாட்டிலும் இது நேர்ந்திருக்கிறது. 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மரபணு சிகிச்சை ஆய்வில் ஜெசி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் இறந்தார். அவருடைய கல்லீரல் நொதிக் குறைபாடு உணவாலும் மருந்தாலும் கட்டுக்குள் இருந்தது. பிறக்கப்போகும் குழந்தைகளுக்குப் பயன்படும் என்று எண்ணியே அவர் முன்வந்தார். அதற்கு முன் இதையொத்த சிகிச்சையைச் சோதித்தபோது குரங்குகள் இறந்த செய்தி அவர் கையெழுத்திட்ட படிவத்தில் இல்லை; ஆய்வை வழிநடத்தியவருக்கு அத்துறை நிறுவனத்தில் பணத்தொடர்பு இருந்ததும் பின்னரே பெரிதாகப் பேசப்பட்டது. அவரிடமே மறைத்தவர்கள், எழுத்தறியாத ஒருவரிடம் என்னதான் சொல்வார்கள்?

குன்னூர் விலங்கியல் | ஞாயிறு, காலை 6.50

நான் விலங்கியல் பேராசிரியராக இருந்தவன். இருவரும் மூன்று வெவ்வேறு செயல்களை ஒரே பெயரால் அழைக்கிறீர்கள். அறநெறிக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் வேறாகும் என்பதால் பிரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலாவது, விலங்கின் மரபணுவைத் திருத்தி அதன் உறுப்பை மனிதருக்குப் பொருத்துவது. பாஸ்டனில் பயன்பட்ட பன்றியில், மனித உடல் உடனே தாக்கக்கூடிய சர்க்கரைக் குறிகளை உண்டாக்கும் 3 மரபணுக்கள் நீக்கப்பட்டன. மனித மரபணுக்கள் 7 சேர்க்கப்பட்டன. பன்றியின் மரபணுத் தொகுதியில் உறங்கும் வைரசின் 59 நகல்கள் செயலிழக்கச் செய்யப்பட்டன. இவை கூடியதே அந்த 69. அவ்வளவு செய்தும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைப் பெறுநர் உட்கொண்டாக வேண்டும். அந்நோயாளி இரண்டு மாதங்களுக்குள் காலமானார். உறுப்பினால் இறந்ததற்கான அறிகுறி இல்லை என்று மருத்துவமனை அறிவித்தது. அதன்பின் ஒரு பெண்மணிக்கு 130 நாள், இன்னொருவருக்கு 271 நாள் பன்றிச் சிறுநீரகம் இயங்கியது. பின்னர் அகற்றப்பட்டு இருவரும் டயாலிசிசுக்குத் திரும்பினார்கள். 2022இல் மேரிலாந்தில் பன்றி இதயம் பெற்றவர் இரண்டு மாதம் வாழ்ந்தார். முன்கூட்டியே சோதித்தும் பிடிபடாத பன்றி வைரஸ் ஒன்று அந்த இதயத்தோடு வந்திருந்தது. கோத்தகிரி நண்பர் இந்த நாள்கணக்கை அக்காவிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மனிதக் கொடையாளரின் உறுப்பையோ செல்லையோ பொருத்துவதற்கு முன் மரபணு முறையில் பதப்படுத்துவது. கனடாவின் டொரண்டோ ஆய்வாளர்கள், மாற்றத்துக்கு உகந்ததல்ல என்று ஒதுக்கப்பட்ட மனித நுரையீரல்களை உடலுக்கு வெளியே இயங்க வைத்து, அழற்சியைத் தணிக்கும் மரபணு ஒன்றைச் செலுத்தி அவற்றின் நிலை மேம்பட்டதை 2009இலேயே வெளியிட்டார்கள். சுவீடனின் உப்சாலாவில், கொடையாளரின் கணையச் செல்களில் மரபணுவைத் திருத்தி, முதல் வகை நீரிழிவு உள்ள ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் இல்லாமலேயே அவை பிழைத்து இன்சுலினைச் சுரந்த செய்தி 2025இல் வெளிவந்தது. சுரந்த அளவு சிறிதுதான். ஆனால் வாழ்நாள் முழுவதும் அந்த மருந்துகளை விழுங்கி, தொற்றுக்கும் புற்றுநோய்க்கும் அஞ்சி வாழும் இலட்சக்கணக்கானோருக்கு இதன் பொருள் என்ன என்பதை எண்ணும்போது எனக்கு உள்ளம் சிலிர்க்கிறது.

மூன்றாவது, உறுப்பு மாற்றமே தேவைப்படாதபடி நோயாளியின் மரபணுவைச் சீர்செய்வது. ஊசிமலை அம்மா குறிப்பிட்ட கெல்சிங்கருக்கு இருந்தது, உடலில் சேரும் அம்மோனியாவைக் கல்லீரலால் சரிவர அகற்ற முடியாத யூரியா சுழற்சிக் குறைபாடுகளில் ஒன்று. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு குறைபாட்டோடு பிறந்து, கல்லீரல் மாற்றத்தை எதிர்நோக்கியிருந்த கைக்குழந்தை ஒன்றுக்கு, அக்குழந்தைக்கென்றே ஆறு மாதத்தில் வடிவமைத்த மரபணு திருத்த மருந்து 2025இல் பிலடெல்பியாவில் கொடுக்கப்பட்டது. குழந்தை தேறி வீடு திரும்பியது. அந்த இளைஞரின் இறப்பைப் பேசும் அதே மூச்சில் இக்குழந்தையையும் பேசவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சோலைக்குருவி | ஞாயிறு, காலை 8.05

உறுப்புக்காகவே ஒரு விலங்கைக் கிருமியற்ற அறையில் பிறப்பித்து, மண்ணை ஒருநாளும் மிதிக்க விடாமல் வளர்த்துக் கொல்வது சரியா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லையே. காட்டுப்பன்றி தோட்டத்தை உழுதாலும் அதன் குட்டிகளைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும் மனிதர்கள் வாழும் மலை இது. மனித உயிருக்காக என்ற ஒரு சொல்லால் இக்கேள்வி தீர்ந்துவிடுவதாக நான் எண்ணவில்லை.

கோத்தகிரி வாசி | ஞாயிறு, காலை 8.40

உங்கள் கேள்வி நியாயமானது. இறைச்சிக்காகக் கொல்வதைப் பொறுத்துக்கொள்ளும் சமூகம் உயிர் காக்கக் கொல்வதை மட்டும் தடுப்பது பொருந்தாது என்பதற்கு மேல் என்னிடம் விடையில்லை. புலால் உண்ணாத ஒருவர் கேட்டால் இந்த விடையும் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பந்தலூர் | ஞாயிறு, முற்பகல் 11.30

பன்றி என்ற சொல் வந்ததும் என் போன்ற முஸ்லிம்களின் கருத்தை எவரேனும் ஊகித்து எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். உயிருக்கு வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பது எங்கள் மார்க்கத்தில் சிறுவர்களும் அறிந்த விதி. எது நிர்ப்பந்தம், டயாலிசிஸ் என்ற வழி திறந்திருக்கும்போது அந்த விதி பொருந்துமா என்பதில் மார்க்க அறிஞர்கள் வேறுபடக்கூடும். அந்தக் கேள்வியை எழுப்பிப் பதில் பெறும் வாய்ப்பு நோயாளிக்குக் கிடைக்க வேண்டும்.

என் தந்தை மூன்று ஆண்டுகள் டயாலிசிசில் இருந்து மறைந்தார். ஒவ்வொரு முறையும் குழாயில் இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் செலுத்துவார்கள். அந்த மருந்து பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது என்பது, அவர் மறைந்த பிறகு மருந்தாளராக உள்ள என் உறவினர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சிகிச்சை பெற்ற இடத்தில் மூன்று ஆண்டுகளில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தந்தை மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆலிம் ஒருவரிடம் கேட்டு, மனம் தெளிந்து ஏற்றிருப்பார். அந்தத் தெளிவை அவருக்குக் கொடுக்காமல் விட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. இது உணர்வைப் புண்படுத்தும் என்று அஞ்சி மறைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. சொல்ல வேண்டிய செய்தியாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆகவே மரபணு திருத்திய உறுப்பு வரட்டும். எதிலிருந்து எடுத்தது, எதைத் திருத்தினார்கள், எதைத் திருத்தாமல் விட்டார்கள் என்பதைக் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.

கோத்தகிரி வாசி | ஞாயிறு, மாலை 4.15

ஊசிமலை அம்மா, நேற்றிரவு உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பெருவிரல் வைத்த அந்த மூதாட்டியைப் பற்றி நீங்கள் எழுதியது என்னைப் பாதித்தது. ஆனாலும் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

வேறு வழியற்றவரின் ஒப்புதல் உண்மையான ஒப்புதலாகாது என்பது உங்கள் வாதமாக எனக்குப் படுகிறது. அப்படியானால் என் அக்கா கையெழுத்திடும் எதுவுமே செல்லாது. டயாலிசிசுக்காகக் கையின் இரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா போடக் கையெழுத்திட்டபோதும் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அதை எவரும் செல்லாது என்று சொல்லவில்லையே. ஆபத்து மிகுந்த மருத்துவத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை சென்னையிலோ பாஸ்டனிலோ உள்ள படித்தவருக்கு உண்டு, மலைக்கிராமத்துப் பெண்ணுக்குக் கிடையாது என்று ஆகிவிட்டால், காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறோம். முதலில் பிறர் உடலில் சோதித்து முடியட்டும், பிறகு நாங்கள் பெற்றுக்கொள்கிறோம் என்று சொல்வதும் அறமாகத் தோன்றவில்லை. அந்தப் பிறரும் எவருடைய அக்காவோ தம்பியோதான்.

ஆபத்தை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் என்பது பாதுகாப்பான காத்திருப்பு அறையன்று. அக்கா சிகிச்சை பெறும் இடத்தில் தொடக்கத்தில் அவரோடு பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்த ஆறு பேரில் இன்று இருவரே இருக்கிறார்கள். 271 நாள் என்று பேராசிரியர் ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன். அக்கா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதில் எத்தனை நாள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருப்பார் என்று கேட்டார். ஒரு நாளைக்கு அவருக்கு அளந்து வைத்திருப்பது முக்கால் லிட்டர்.

உதகை வழக்கறிஞர் | ஞாயிறு, இரவு 8.20

சட்டநிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் தன் பெயரிலேயே மனித உறுப்புகளைப் பற்றியது. விலைக்கு விற்பதைத் தடுப்பதும் மூளைச்சாவை வரையறுப்பதும் அதன் நோக்கங்கள். மரபணு திருத்திய விலங்குறுப்பை எண்ணி எழுதப்பட்டதன்று. 1997 சனவரியில் குவாகாத்தி அருகே சோனாப்பூரில் மருத்துவர் தனிராம் பருவா, 32 வயது நோயாளி ஒருவருக்குப் பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் பொருத்தினார். நோயாளி ஏழு நாள் வாழ்ந்தார். மருத்துவர் இதே சட்டத்தின்கீழ்க் கைதாகி நாற்பது நாள் சிறையிலிருந்தார். முன் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஆய்வும் இல்லாமல் செய்தால் என்னவாகும் என்பதற்கு நம் நாட்டு உதாரணம் அது.

மரபணு சிகிச்சைக்கு 2019இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதே ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளில் ஆய்வினால் நேரும் பாதிப்புக்கு இழப்பீடும், எளிதில் பாதிக்கப்படக்கூடியோரின் ஒப்புதலை ஒலி-ஒளிப் பதிவாக எடுப்பதும் இடம்பெற்றுள்ளன. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் அவ்விதிகளின் ஓரிடத்தை இங்கு எல்லோரும் கவனிக்க வேண்டும். ஆய்வு முடிந்த பின்னும் மருந்து தேவைப்படும் நோயாளிக்கு, மாற்று வழி இல்லாத நிலையில், நெறிமுறைக் குழு பரிந்துரைத்தால் அதை இலவசமாகத் தொடரலாம். அப்படித் தொடரும்போது நேர்வதற்கு ஆய்வை நடத்தும் நிறுவனம் பொறுப்பாகாது என்று நோயாளியோ வாரிசோ எழுதித் தர வேண்டும். மாத்திரையை நிறுத்திவிடலாம். உடலுக்குள் தைக்கப்பட்ட உறுப்பையும், எலும்பு மச்சையில் திருத்தப்பட்ட மரபணுவையும் ஆய்வுக்காலம் முடிந்தது என்று எப்படி நிறுத்துவது? மாத்திரையை எண்ணி எழுதிய விதியை இங்கே அப்படியே பொருத்துவது பெரும் அநீதியில் முடியும்.

ஊசிமலை | ஞாயிறு, இரவு 10.50

வழக்கறிஞர் ஐயா நான் சொல்லத் தெரியாமல் தவித்ததைச் சொல்லிவிட்டார்.

தம்பி, உங்கள் அக்காவின் ஒப்புதல் செல்லாது என்று நான் சொல்லவில்லை. நேற்று எழுதியதில் அப்படி ஒரு தொனி இருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறேன். அவர் ஒப்புக்கொள்கிறார், பதிலுக்கு எதிர்த்தரப்பு எதற்கு ஒப்புக்கொள்கிறது என்பதை எவரும் கேட்பதில்லை. விலங்குறுப்பைப் பெற்றவரை வாழ்நாள் முழுவதும் தொற்றுக்காகக் கண்காணிக்க வேண்டும். அவரோடு நெருங்கி வாழ்வோரும் அந்தக் கண்காணிப்புக்குள் வருவார்கள். மரபணு திருத்த சிகிச்சை பெற்றவரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பரிந்துரை. பதினைந்து ஆண்டுகள்! ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையைத் தினமும் உட்கொள்ள வேண்டிய எங்கள் அரிவாள் அணு நோயாளிகள் மாதம் ஒருமுறை இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வருவதற்கே, கூலியை விட்டு, யானை நடமாடும் பாதையில் நடந்து, பேருந்துக்குக் காத்திருந்து வருவதை நான் கண்டிருக்கிறேன். இரண்டு மாதம் வராவிட்டால் "ஒத்துழைக்காதவர்" என்று அவர்கள் அட்டையில் எழுதுவார்கள். பேருந்து வராததை எந்த அட்டையிலும் எழுதிப் பார்த்ததில்லை.

அரிவாள் அணு நோய்க்கான மரபணு திருத்த சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் அப்போது அறிவிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். இதுவும் ஒருவகை உறுப்பு மாற்றம்தான்: நோயாளியின் மச்சையிலுள்ள ஆதிச் செல்களை எடுத்து, திருத்தி, பழைய மச்சையைக் கடுமையான மருந்தால் அழித்துவிட்டு அவருக்கே திரும்பச் செலுத்துகிறார்கள். அந்த மருந்தால் பிள்ளைப்பேறு இல்லாமல் போகக்கூடும். இருபது வயதுப் பணியப் பெண்ணிடம் இதை யார் சொல்வது, எந்தச் சொற்களால் சொல்வது? அவள் மொழியில் மரபணுவுக்குச் சொல் இல்லை என்று நம்மவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் இரத்தத்தோடு வருவது என்று சொன்னால் அவளுக்கு நன்றாகவே விளங்கும். எனக்கு அனுபவம் உண்டு. உட்கார்ந்து சொல்வதற்கு அரை நாள் வேண்டும். அந்த அரை நாளை எந்த ஆய்வுத் திட்டத்தின் கணக்கிலும் நான் கண்டதில்லை.

2025 நவம்பரில், அரிவாள் அணு நோய்க்கென நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 'பிர்சா 101' என்ற மரபணு திருத்த சிகிச்சை அறிவிக்கப்பட்டது. பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரைத் தாங்கியுள்ள அந்தச் சிகிச்சை குறைந்த செலவில் வரும் என்கிறார்கள். வரவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். பெயரை எங்கள் மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள், ஆய்வின் நெறிமுறைக் குழுவில் ஒரு நாற்காலியையும் எங்கள் மக்களுக்குக் கொடுக்கட்டும். நோயோடு வாழும் ஒருவர் அங்கே அமர்ந்திருந்தால், பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் முதல் கூட்டத்திலேயே பேசப்படும்.

குன்னூர் விலங்கியல் | திங்கள், காலை 6.30

ஊசிமலை அம்மாவின் கோரிக்கைகள் ஒவ்வொன்றோடும் எனக்கு உடன்பாடு உண்டு. அவை அனைத்தும் நிறைவேறும் வரை ஆய்வே கூடாது என்றால் மட்டும் நான் மாறுபடுவேன். 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றம் நடந்தபோது, இன்றைய நோயெதிர்ப்பு அடக்கு மருந்துகளில் பெரும்பாலானவை பிறக்கவே இல்லை. அறநெறிக் கட்டமைப்பும் இன்றுள்ளதில் பாதிகூட இல்லை. எல்லாம் கூடி வரட்டும் என்று அன்று காத்திருந்தால் இன்று மாநிலப் பட்டியல் என்ற ஒன்றே இருந்திருக்காது. அதே வேலூரில், இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபீலியா நோயாளிகள் ஐவருக்குச் செய்த மரபணு சிகிச்சையின் முடிவு 2024 இறுதியில் வெளியானது. ஐவருக்கும் இரத்தக்கசிவு நின்றிருந்தது. சிறிய எண்ணிக்கை, நெருக்கமான கண்காணிப்பு, நம் நாட்டு நோயாளிகள், நம் நாட்டு மருத்துவர்கள். இப்படித் தொடங்குவதில் என்ன குறை?

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். முதல் சுற்றில் வறியவரை மட்டுமே சேர்ப்பதும், முழுவதுமாக விலக்குவதும் இரண்டுமே தவறு. பிற்காலத்தில் இந்தச் சிகிச்சையை விலைகொடுத்து வாங்கப்போகிற வகுப்பினரும் தொடக்கத்திலேயே ஆபத்தில் பங்கேற்க வேண்டும்.

ஊசிமலை | திங்கள், காலை 7.20

ஐவரும் வேலூருக்கு எத்தனை முறை சென்று வரவேண்டியிருந்தது, செலவை யார் ஏற்றார்கள் என்பது தெரிந்தால் உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்வேன், ஐயா. தொடங்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. எங்கே தொடங்குவது என்பதில்தான் நம் வேறுபாடு.

கோத்தகிரி வாசி | திங்கள், இரவு 8.45

இன்று முழுவதும் இவ்விவாதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். பந்தலூர் நண்பர் எழுதிய ஹெப்பாரின் செய்தி அவருக்கும் புதிது. தனக்கு அதில் தடையில்லை என்றார். ஆனால் நான்கு ஆண்டுகளாகத் தன் இரத்தத்தில் கலப்பது என்னவென்று தெரியாமலே இருந்திருக்கிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பன்றியின் சிறுநீரகத்தை ஏற்பாயா என்று நேரடியாகக் கேட்டேன். ஏற்பேன் என்றார். பிறகு நாம் யாருமே கேட்காத இரண்டு கேள்விகளைக் கேட்டார். அது சில மாதங்களில் நின்றுபோனால், மாநிலப் பட்டியலில் என் பெயர் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்குமா, அல்லது கடைசிக்குப் போய்விடுமா? நான் விட்டுச் சென்ற டயாலிசிஸ் கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்களே, திரும்பி வந்தால் எனக்கு எந்த நேரம் கிடைக்கும்? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் தராத படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னார். ஆய்வுக்கு வழிவிட வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. அந்தப் படிவத்தைப் பற்றிய என் அலட்சியம் மாறியிருக்கிறது.

குன்னூர் விலங்கியல் | திங்கள், இரவு 9.10

உங்கள் அக்காவின் கேள்விகளோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலங்குறுப்புக்கு எதிராக உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள், பின்னர் கிடைக்கும் மனித உறுப்பையும் தாக்கக்கூடுமா? மருத்துவரிடம் இதை அவசியம் கேளுங்கள். உங்கள் இரத்த வகை பொருந்தாததைப் பற்றியும் சொல்ல மறந்துவிட்டேன். இதே சிக்கலிலுள்ள இன்னொரு குடும்பத்தோடு உறுப்பை மாற்றிக்கொடுக்க 2011 திருத்தச் சட்டம் இடமளிக்கிறது. நெருங்கிய உறவினர் என்ற முறையில் நீங்கள் அதற்குத் தகுதியுடையவர். அதைக் கேட்டுப் பார்த்தீர்களா?

கோத்தகிரி வாசி | திங்கள், இரவு 9.25

இல்லை ஐயா. இதை இதுவரை எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. நாளை டயாலிசிஸ் நாள்; அங்கேயே கேட்கிறேன்.

ஊசிமலை | திங்கள், இரவு 9.40

தம்பி, நாளை அக்கா களைத்துப்போய் வருவார். புதன்கிழமை முற்பகலில் என்னை அழையுங்கள், அக்காவிடமே பேசுகிறேன். அந்தக் கேள்விகளை அவர் சொல்லச் சொல்ல, அவருடைய சொற்களிலேயே எழுதி வைத்துக்கொள்வோம்.